இசக்கிராஜாவின் காவல்காரர்கள்

சங்கரன்கோவிலில் நான்கு விசைத்தறி ஓட்டும் இசக்கிராஜாவின் அடிவயிற்றுக்குள் ஆட்கள் வரிசையாக நடக்கும் சத்தம் ஏழடி தூரம் வரை கேட்டது. அது தன்னிடமிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்குப் பதினான்கு மாதம் ஆனது. தறித்தெருவில் பழுதைக் கண்ணால் தேடுவதில்லை, காதால் கேட்டுத்தான் சொல்வார்கள். அவன் அதிகம் நிற்கிற மூன்றாம் தறியருகே, ஓட்டத்தோடு ஒட்டாத ஒரு தட்டல் சத்தம் கேட்டது. ஆகவே தறியைப் பிரித்தான். ஊடைநூலை இழுத்தோடும் நாடாவை மாற்றினான், பெல்ட்டை மாற்றினான், தரையில் பதித்த போல்ட்டுகளையும் பெயர்த்து மறுபடி இறுக்கினான். அதே மாதங்களில் மணிக்கு மூன்று தடவை சிறுநீர் கழிக்கப் போனான். உட்கார்ந்தால் கண்ணாடித்தூள் மேல் உட்கார்ந்தது போல எரிந்தது. நாள் முழுக்க நின்று வேலை செய்தால் இப்படித்தான் என்று இருந்துவிட்டான்.

புரட்டாசியில் மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்திய நாளில் தெரு முழுக்க அடங்கியது. தறி மெக்கானிக் மைதீன் பாட்சா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“வே, கரண்டுதான் இல்லேல்லா. பொறவு எந்தத் தறி ஓடுது?”

“ஒண்ணும் ஓடலயே அண்ணாச்சி.”

“பேசாம நில்லும். உம்ம வேட்டிக்குள்ள இருந்துல்லா வே வருது!”

சிரித்துக்கொண்டே குனிந்தவர், காதை வயிற்றருகே கொண்டுபோனதும் சிரிப்பை நிறுத்தினார். மூன்று நாள் அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

திருநெல்வேலி மருத்துவர் காதில் குழாய் மாட்டாமலே சத்தத்தைக் கேட்டார். சிறுநீரை இரண்டு தடவை சோதித்தார். கிருமி இல்லை. நடப்பவை அவனுடைய சொந்த வெள்ளை அணுக்கள் என்றார். கிருமியைப் பிடிக்க உடம்பெங்கும் ரோந்து சுற்றும் டி செல்கள், அவனுடைய பிராஸ்டேட் சுரப்பியை வெளியாள் என்று முடிவு செய்துவிட்டன. அவை கூப்பிட்டதும் மற்ற அணுக்களும் வந்து குவிந்து வீக்கத்தையும் எரிச்சலையும் உண்டாக்குகின்றன. ஏன் அப்படி முடிவு செய்தன என்று இசக்கிராஜா கேட்டான். அது சரியாகத் தெரியாது என்று சொல்லி, வீக்கம் குறைய மாத்திரை எழுதினார்.

வலியைவிட அந்தப் பதில்தான் அவனைப் பிடித்துக்கொண்டது. நாற்பத்தோரு வருடம் கூடவே இருந்த சுரப்பியையே தெரியாது என்ற உள்ளிருக்கும் காவல்காரர்கள், நாளை கண்ணைத் தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? தன் குரல் கேட்டால் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயந்து பேச்சைக் குறைத்தான். ஐப்பசியில் சத்தம் தொப்புள் வரை ஏறியது.

அவன் மனைவி முத்துமாரியின் தம்பியை ஒருமுறை சந்தேகத்தில் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் போய் எங்கள் ஆள் என்று சொன்ன பிறகே விட்டார்கள். அந்த நினைப்பில் அவள் புருஷன் வயிற்றில் வாய் வைத்துச் சொன்னாள்: “ஐயாமாரே, இது இசக்கிராஜா. எங்க வீட்டு ஆளு. உள்ள இருக்கதெல்லாம் அவுகளுதுதான். நான் சொல்லுதேன்.”

சத்தம் நின்றது. மாலையில் மறுபடி தொடங்கியபோது தொப்புளுக்குக் கீழே இறங்கியிருந்தது. அன்று முதல் தினமும் காலையில் அவள் சாட்சி சொன்னாள். தை மாதம் தங்கை கல்யாணத்துக்குப் புளியங்குடி போனவள் போனில் சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. மைதீன் பாட்சாவும் குனிந்து சொல்லிப் பார்த்தார். சத்தம் விலா எலும்பைத் தொட்டது.

“பொண்டாட்டி ஜாமீன்தான் செல்லுமாம் வே,” என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. தங்கைக்குத் தாலி கட்டி முடிந்ததுமே முத்துமாரி ஊருக்கு பஸ் ஏறினாள்.

இது மூன்றாவது வருடம். காலையில் முதலில் சாட்சி, பிறகு மாத்திரை. எரிச்சல் சில வாரம் இருக்கும், சில வாரம் இருக்காது. இப்போதெல்லாம் சில காலைகளில் முத்துமாரி உடனே சொல்வதில்லை. அவன் முகத்தையே வெகுநேரம் பார்க்கிறாள்.

“என்னட்டி பாக்க?” என்று ஒருநாள் கேட்டான்.

“ஒண்ணுமில்ல. நீங்கதானான்னு பாத்தேன்.”

அவள் வாய் திறக்கும்வரை இசக்கிராஜா மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறான். உள்ளே இருப்பவர்களும் நடையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள்.