சுபம் என்று சொன்னால் பன்னிரண்டு வரி

பதினாறு வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டாக்டர்கள் முணுமுணுத்ததையெல்லாம் தட்டச்சு செய்தவள் நான். பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் மென்பொருளை ஆஸ்பத்திரியில் வாங்கியதும், எங்கள் அறையில் இருந்த ஐந்து பேரில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த மென்பொருளுக்கு ஊர்ப் பேச்சு தெரியும், வைத்தியப் பேச்சு தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கண் பிரிவுக்கு ஒரு சொற்பட்டியல், எலும்புக்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டினால் அது தடுமாறும். அதனால் ஒவ்வொரு பிரிவின் பழைய அறிக்கைகளையும் படித்து, அங்கே புழங்கும் சொற்களைப் பொறுக்கி, டாக்டர்களை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்வேன். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று மூத்த சர்ஜனையே ஐந்து முறை சொல்லவைத்திருக்கிறேன். எனக்கு 'அகராதி' என்று பேர் வைத்தார்கள். வேலையைச் சொல்கிறார்களா, திமிரைச் சொல்கிறார்களா என்று நான் விசாரிக்கவில்லை. இரண்டும் உண்மைதான்.

ஸ்கேன் டாக்டர் ஒருநாள் என் மேஜைக்கே வந்தார். நல்ல மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேரின் படங்களை அவர் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே இல்லாத வயித்துக்கும் தினம் அதே பன்னிரண்டு வரிய சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டுதும்மா. கல்லீரல் சரி, கணையம் சரின்னு. ஒரே வார்த்தையில முடிச்சுக் குடேன்."

முடித்துக் கொடுத்தேன். அவர் 'சுபம்' என்று சொன்னால் போதும், பன்னிரண்டு வரியும் திரையில் வந்து நிற்கும். ஏதாவது ஓர் உறுப்பில் கோளாறு என்றால், அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிச் சொல்லிக்கொள்வார். அந்தப் பன்னிரண்டையும் அவருடைய பழைய அறிக்கைகளிலிருந்து எடுத்து, இழைத்து, நானே எழுதினேன். குழப்பமில்லாத, படித்தால் மனசு ஆறுகிற வரிகள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அதற்கு ஏழு மாதம் கழித்து அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். தினம் எட்டு மணி நேரம் பயந்தாங்கொள்ளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு வயிறு வலிக்காமல் என்ன செய்யும் என்று கேலி செய்தேன். குடல்வால் வீங்கியிருக்கிறதா பார்க்கச் சொல்லி எங்கள் ஆஸ்பத்திரிக்கே சீட்டு எழுதி அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தாள். "ஒண்ணும் இல்லையாம்" என்று போனில் சொன்னாள். நான் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. தினம் நூறு அறிக்கை பார்க்கிறவளுக்கு இன்னொன்று எதற்கு?

நாலு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டு அலமாரியில் வேறு எதையோ தேடும்போது அந்தத் தாள் கையில் வந்தது. நின்றபடியே படித்தேன். என் வரிகள், ஓர் எழுத்து மாறாமல். முதலில், வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐந்தாவது வரிக்கு வந்ததும் அதை மறுபடி படித்தேன்.

'மண்ணீரல் இயல்பான அளவில் உள்ளது.'

அக்காவுக்கு மண்ணீரலே கிடையாது. ஒன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து, ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி, அதை எடுத்துவிட்டார்கள். அந்தத் தழும்பை எங்கள் வீட்டில் தெரியாதவர்கள் இல்லை.

"அக்கா, இதுல உனக்கு மண்ணீரல் இருக்குன்னு போட்டிருக்கு."

"போகட்டும் விடுடி. இல்லாததையே நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்கன்னா இருக்கிறதெல்லாம் எவ்வளவு நல்லா இருக்கும்!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரிகள் யாருடையவை என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

மறுநாள் காலை, ஸ்கேன் அறையில் விளக்கைப் போடும் முன்பே போய் நின்றேன். டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"அட, ஒரு வரி தப்பாப் போயிருக்கு. திருத்திக் குடுத்துடறேன்மா."

"அந்த ஒரு வரிய மட்டும்தான் பார்க்காம விட்டீங்களா டாக்டர்?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முகம் சிவந்தது. "குடல்வால் கேட்டாங்க, குடல்வாலைப் பார்த்தேன்" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் முன்பெல்லாம் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். கல்லீரல் என்று சொல்ல, கல்லீரலைப் பார்த்தாக வேண்டும். வாய் சொல்லும் வரைக்கும் கண் அங்கே நிற்கும். அந்த நிற்கிற நேரத்தைத்தான் நான் மிச்சம் பிடித்துக் கொடுத்திருந்தேன். இதை அவரும் அப்போதுதான் யோசித்தார் என்று நினைக்கிறேன்.

நாலு மாதத்துக்கு முந்தைய படங்களைத் திரையில் எடுத்தார். மேலிருந்து மெல்லக் கீழே இறங்கினார். மண்ணீரல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதைத் தாண்டினார். இடது சிறுநீரகத்தில் நின்றார். முன்னே போனார், பின்னே வந்தார், அளந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மூணு சென்டிமீட்டர். அப்பவே இருந்திருக்கு. அவங்கள இன்னைக்கே வரச் சொல்லும்மா. சர்ஜன்கிட்ட நான் பேசறேன்."

போனை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவளை அவர் கூப்பிட்டார்.

"அந்த வார்த்தையை எடுத்துடு. அது வந்ததுலேர்ந்து எத்தனை பேருக்குப் போயிருக்கும்?"

"பதினோரு மாசம் ஆச்சு டாக்டர். ஆயிரத்து எழுநூறுக்கு மேல இருக்கும்."

"பட்டியல் எடு. எல்லார் படத்தையும் மறுபடி பார்க்கணும். மேல நானே சொல்லிடறேன்."

தப்பிக்கப் பார்க்காத மனிதர் என்று அவர் மேல் மரியாதைதான் வந்தது. என் மேல்தான் எதுவும் வரவில்லை.

அக்கா அப்போது ஒரு வகுப்பை முடித்துவிட்டு, சாலையோர மரத்தடியில் பயிற்சிக் காரை நிறுத்தியிருந்தாள். நான் ஏறி, கற்றுக்கொள்கிறவர்கள் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். சிறுநீரகத்தில் கட்டி, பெரும்பாலும் எடுத்துவிடலாம், ஆனால் நாலு மாதம் போய்விட்டது, பரவியிருக்கிறதா என்று இனிமேல்தான் தெரியும்.

அவள் அழவில்லை. இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தாள்.

"இங்க வலிச்சுக்கிட்டேதான்டி இருந்தது."

"ஏன்க்கா சொல்லல?"

"வலிக்கிறப்பல்லாம் அந்தத் தாளை எடுத்துப் படிப்பேன். சிறுநீரகம் ரெண்டும் நல்லா இருக்குன்னு எவ்வளவு தெளிவா எழுதியிருந்தார் அந்த டாக்டர்! படிச்சா பயமே போயிடும். அவரு பார்த்துட்டுச் சொல்றாரு, என் வலிதான் பொய் சொல்லுதுன்னு நினைச்சுட்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டு வண்டிக்கு வந்துடுவேன்."

இதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

"அதை அவர் எழுதலக்கா. நான் எழுதினது."

அவள் திரும்பினாள். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளை மாதிரி, நம்ப முடியாமல் கேட்டாள்.

"நீயா? நீ என் படத்தைப் பார்த்துட்டா எழுதினே?"

"இல்லக்கா" என்றேன். "யாரையும் பார்த்து எழுதல."