மச்சானுக்கு ஒரு வித்தை

கைதட்டல் ஓய்ந்து, அரங்கம் காலியாகி, புறாக்கூண்டையும் தொப்பிப் பெட்டியையும் காரில் ஏற்றியாயிற்று. வண்டி கிளம்பிய பிறகுதான் பின்னிருக்கையிலிருந்து வக்கீல் வாயைத் திறந்தார்.

"நல்லா இருந்துச்சு மாப்பிள்ளை. பக்கத்துல இருந்தவர் 'அடேயப்பா, அடேயப்பா'ன்னார். முன்வரிசைக் குழந்தை ஒண்ணு விக்கி விக்கிச் சிரிச்சுது. எல்லாரும் தட்டினாங்க, நானும் தட்டினேன். எதுக்குத் தட்டுறோம்னுதான் தெரியலை."

"நான்தான் காதுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேனே அண்ணா," என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த தங்கை.

"சொன்னே. 'தொப்பிக்குள்ளேர்ந்து புறா வந்துடுச்சு'ன்னு சொன்னே. அது செய்தி. செய்தி கேட்டு யாராவது வாயைப் பிளப்பாங்களா?"

ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் மேஜிக்காரருக்குச் சுருக்கென்றது. மச்சான் குத்திக் காட்டவில்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். வக்கீலுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வேறு ஊரில் தொழில். ஏதோ சொத்து வழக்குக்காக வந்தவர், அது முடிகிறவரை தங்கை வீட்டில் தங்கியிருந்தார். கூண்டில் நிற்கிற சாட்சி எச்சில் விழுங்குகிற சத்தத்தை வைத்தே பொய்யைப் பிடித்துவிடுவார் என்று கோர்ட் வட்டாரத்தில் பேர்.

மேஜிக்காரர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனை வருஷம் மேடையில் அவர் செய்துவந்தது ஒரே காரியம்தான். தான் எங்கே பார்க்கிறாரோ அங்கே மொத்தக் கூட்டத்தையும் பார்க்க வைப்பார். வேலை வேறெங்கோ நடந்து முடிந்திருக்கும். கண்கட்டு வித்தை என்று தெரியாமலா பேர் வைத்தார்கள்? கட்டுவதற்குக் கண்ணே இல்லாத மனுஷரிடம் எதைப் போய்க் கட்டுவது?

மறுநாள் காலை மச்சான் டீ குடித்து முடித்ததும் மேஜிக்காரர் பஞ்சுப் பந்து ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை மூடச் சொன்னார். திறந்தால் கை காலி.

"இடது கைல மறைச்சு வச்சிருக்கீங்க," என்றார் வக்கீல், பேப்பர் படித்துச் சொல்வதுபோல. "என் விரலை மூடுறப்போ மூச்சைப் பிடிச்சீங்க. அப்புறம் சட்டை உரசுச்சு."

சரி, கயிறு வித்தை எடுபடும் என்று நினைத்தார். கயிற்றை முழுக்கத் தடவிப் பார்க்கக் கொடுத்து, நடுவில் வெட்டி, மறுபடி ஒட்டிய கயிறாகக் கையில் கொடுத்தார்.

"கத்திரிக்கோல் பட்டது இந்தக் கயித்துல இல்லை. ஏதோ துண்டு. இழுத்துப் பிடிச்ச கயித்தை வெட்டினா சத்தம் வேற மாதிரி வரும்."

மேஜிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி சமையலறைப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் அவருக்கு ரோஷத்தைவிடக் குடைச்சல்தான் பெரிதாக இருந்தது. மச்சானுடைய கவனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? கண்ணில் இல்லை. காதிலா, விரலிலா, தோலிலா? எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா? அதைக் கண்டுபிடிக்க, மச்சான் கோர்ட்டுக்குப் போன நேரமாகப் பார்த்துக் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் உலாத்தினார். கதவில் இடித்துக்கொண்டார், வாளியில் கால் விட்டார், எதிரே நின்ற குளிர்சாதனப் பெட்டியிடம் "கொஞ்சம் தள்ளு" என்றார். மச்சான் ஒரு நாளும் எதிலும் இடித்துக்கொண்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் தையல் டப்பாவைக் கொட்டி, சட்டைப் பொத்தானுக்கு ஜோடிப் பொத்தானைத் தடவித் தேடினார். நாலு துளையா, இரண்டு துளையா என்று ஒவ்வொன்றாக உருட்டி, கடைசியில் கண்டுபிடித்த சந்தோஷத்தில் துண்டை அவிழ்த்தார். எதிரே மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருடைய காலரிலும் தோளிலும் சட்டைக் கையிலும் வரிசையாகத் துணி மாட்டும் கிளிப்புகள்.

"எப்போ மாட்டினே?"

"நீங்க பொத்தான் தேடிக்கிட்டிருந்தப்போ. மூணு தடவை கூப்பிட்டேன். காதுலயே விழலை."

மேஜிக்காரர் சிரிக்கவில்லை. ஒரு கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். விரல்நுனி வேலையில் இருந்தால் உடம்பின் மிச்ச பாகத்துக்கெல்லாம் விடுமுறை!

அதன் பிறகு மனைவியின் மணிக்கட்டுக்கு ஓய்வே இல்லை. பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளச் சொல்வார். ஏதாவது ஒரு சாமானைத் தடவிப் பார்க்கச் சொல்லி, பிடித்துக் காட்டுவதுபோல மணிக்கட்டை அழுத்துவார், வாரை உருவுவார். முதலில் வெடுக்கென்று கையை இழுத்தாள். அழுத்தம் போதவில்லை என்று புரிந்தது. நன்றாக இறுக்கிப் பிடித்துவிட்டு மெல்ல விட்டால், கடிகாரம் போன பிறகும் அது இருப்பது போலவே தோலுக்குத் தோன்றிக்கொண்டிருக்கும்.

"கல்யாணமான புதுசுல கூட என் கையை இத்தனை தடவை பிடிச்சதில்லை," என்று அலுத்துக்கொண்டாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேஜிக்காரர் ஒரு பிஸ்கட் டின்னோடு மச்சான் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு வாய்தாவா?" என்றார் வக்கீல்.

"கடைசி வாய்தா. இந்த டின்னை நல்லாப் பாருங்க மச்சான். இரட்டை அடி இருக்கா, ஓட்டை இருக்கான்னு நீங்களே சொல்லணும்."

வக்கீலுக்குக் குஷி பிறந்துவிட்டது. சாட்சியைப் பிடித்தது மாதிரி டின்னைப் பிடித்துக்கொண்டார். விளிம்பை நகத்தால் சுரண்டினார், அடியைத் தட்டினார், உள்ளே கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினார். "இங்க ஒரு சொட்டை இருக்கு பாருங்க," என்று மேஜிக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்து அந்த இடத்துக்குக் கொண்டுபோனார். "ஆமா, இருக்கு," என்றார் வக்கீல். சொட்டையின் ஆழத்தை விரலால் அளந்துகொண்டிருந்தபோதே அவருடைய கடிகாரம் கழன்று மேஜிக்காரரின் கைக்குட்டைக்குள் போனது. மூச்சு மட்டும் ஒரே சீராக இருந்தது. அதற்குத் தனியாகப் பழகியிருந்தார்.

"காலி டின்தான். நான் சாட்சி," என்று தீர்ப்பு சொல்லித் திருப்பிக் கொடுத்தார் வக்கீல். மேஜிக்காரர் மூடியை அழுத்தி மூடினார். மூடும் முன் கைக்குட்டை உள்ளே இறங்கியது, இறகு விழுந்தது போல.

"நீங்களே கட்டுங்க," என்று சணல் கயிற்றைக் கொடுத்தார். வக்கீல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டு, டின்னை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை. உங்க சொத்து வழக்கு என்னாச்சு மச்சான்?"

அதைக் கேட்டால் போதாதா? அண்ணன் தம்பி சண்டை, கிணற்றுப் பங்கு, எதிர்க்கட்சி வக்கீலின் உளறல் என்று வக்கீல் அளக்க ஆரம்பித்தார். பேச்சு சூடுபிடித்து உச்சத்துக்குப் போன நேரத்தில் அவர் மடியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"மணி ஆறு."

ஒவ்வொரு மணிக்கும் நேரம் சொல்கிற கடிகாரம் அது. வக்கீல் பாதி வாக்கியத்தில் நின்றார். வலது கை இடது மணிக்கட்டுக்குப் போய், வெறும் தோலைத் தொட்டு, அப்படியே நின்றது. பிறகு முடிச்சை அவிழ்த்தார். அவர் போட்ட முடிச்சுதான். அவிழ்க்க அவருக்கே நேரம் பிடித்தது. கைக்குட்டையைப் பிரித்துக் கடிகாரத்தை எடுத்து, வாரில் தனக்குத் தெரிந்த வெடிப்பைத் தேடிக் கண்டுபிடித்தார். வாய் திறந்திருந்தது.

"தங்கச்சி," என்றார் கடைசியில். "நீ பார்த்தியா? டின்னை நான்தான் சோதிச்சேன். நான்தான் கட்டினேன். என் மடியை விட்டு நகரவே இல்லை. அதுக்குள்ளேர்ந்து என் கடிகாரம் பேசுது!"

எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்திருந்த தங்கை, "அப்படியா அண்ணா? அப்புறம்?" என்று கேட்டாள். அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவளுக்கு அது வெறும் திருட்டாகத்தான் தெரிந்திருந்தது. அண்ணன் சொல்லக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. அறையில் இருந்தவர்களில் வித்தையைப் பார்த்தவர் மச்சான் ஒருவர்தான் என்று மேஜிக்காரர் நினைத்துக்கொண்டார்.

வழக்கு முடிந்து ஊருக்குப் போன பிறகும் வக்கீல் விடவில்லை. திடீர் திடீரென்று போன் வரும்.

"கடிகாரம் ரெண்டா மாப்பிள்ளை?"

"இல்லை மச்சான். வெடிப்பு இருந்துச்சே."

"சரி, வைக்கிறேன்."

ஒரு நாள் வேறு விஷயமாகக் கூப்பிட்டார். "எங்க பார்வையற்றோர் சங்கத்துல இதைச் சொன்னேன். ஒருத்தனும் நம்பலை. வந்து ஒரு நிகழ்ச்சி நடத்துறீங்களா? ஹால் நிறைய ஆள் இருப்பாங்க. எல்லாரும் என்னைவிட மோசம்."

மேஜிக்காரர் உடனே சரி என்றார். போனை வைத்த பிறகுதான் யோசித்தார். ஒரு ஜோடிக் கைக்கு ஒரு டின் போதும். ஹால் நிறையக் கைகளுக்கு?

"எங்க அந்தத் துண்டு?" என்று மனைவியைக் கேட்டார்.

"முதல்ல வாளியை ஓரமா வைங்க," என்றாள் அவள்.