முகம் வேண்டாம், கை மட்டும்

டீச்சர் பிடுங்கிய வேகத்தில் புரொஜெக்டர் வயரோடு சுவரிலிருந்த பிளக் பாயிண்டும் பாதி வெளியே வந்துவிட்டது. திரை கறுத்தது. அதற்குள் வகுப்பு பிளாகில் வந்திருந்த கமெண்டை எட்டாம் வகுப்பு மொத்தமும் படித்து முடித்திருந்தது.

"காலையில அனுப்பினதுக்குப் பதில் வரல. இனிமே என்னால காத்திருக்க முடியாது. தண்ணி டேங்க்குக்குக் கீழதான் நிக்கிறேன். எதிர் மாடிதானே உங்க வீடு?"

வழக்கமாக ஆசிரியர் தும்மினால்கூட அதற்கொரு கமெண்ட் அடிக்கும் 'ரீல்' என்ற பையன் மட்டும் மெல்லக் கை தூக்கினான்.

"டீச்சர், ரசிகர் மாமா நிஜமாவே வந்துட்டாரா?"

"வாயை மூடு. யாரும் செல்லைத் தொடக் கூடாது. பக்கத்து கிளாஸ் சாரை வரச் சொல்லு, நான் வெளிய போகணும்."

"சுண்டு வீடுதானே டீச்சர் அது?"

அதற்குப் பதில் சொல்ல டீச்சர் அங்கே இல்லை. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டு விலாசத்தைத் தட்டில் வைத்து நீட்டியது அவளேதான்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாடத்தை வீட்டில் வீடியோவில் பார்க்க வேண்டும். பார்த்ததைச் செய்து பார்த்துச் சின்ன வீடியோவாக எடுக்க வேண்டும். கூடவே வகுப்பின் பிளாகில் நாலு வரி எழுத வேண்டும். உலகமே பார்க்கலாம் என்பதால் டீச்சர் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள். முகம் வேண்டாம், கை மட்டும். பெயர் வேண்டாம், பட்டப்பெயர் மட்டும். பள்ளிக்கூடப் பெயர் மூச்சுவிடக் கூடாது.

இந்தச் சட்டமே ஒரு மாணவிக்காகப் பிறந்ததுதான். பள்ளியில் சேர்க்க வந்த அன்று, அந்தப் பெண்ணின் அம்மா கதவைச் சாத்திவிட்டு ரவிக்கைக் கையைச் சற்று மேலே தூக்கிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே தீ தின்ற தழும்பு, சுருங்கிப்போன தோல்.

"இது இவ அப்பா கைங்கரியம் டீச்சர். அந்த ஆள் கண்ணுல பட்டா ரெண்டு பேரையும் உயிரோட விடமாட்டான். எங்கயும் இவ போட்டோ வந்துடக் கூடாது."

"என் பொறுப்புக்கா. நான் பாத்துக்கறேன்," என்றாள் டீச்சர்.

அந்தப் பெண்தான் சுண்டு. இரண்டு கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி உள்பக்கம் வளைந்திருக்கும். பட்டம் வைத்தது ரீல். அதை ஆசையாக ஏற்றுக்கொண்டு பிளாகிலும் அதே பெயரில் எழுதியது அவள். பரம்பரைக் குணங்கள் பாடம் வந்தபோது, "என் அம்மா விரல் ஸ்கேல் மாதிரி நேரா இருக்கு. அப்போ இது அப்பா குடுத்ததுதான். திருப்பிக் குடுக்க முடியாது" என்று எழுதி வகுப்பையே சிரிக்க வைத்தாள்.

பிறகு நிழல் பாடம். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டு நிழலை அளக்க வேண்டும். சுண்டு போட்ட வீடியோவுக்குக் கீழேதான் அந்த முதல் கமெண்ட் வந்தது. 'நிழல் ரசிகர்' என்ற பெயரில்.

"குச்சியைப் பிடிச்சிருக்கிற விரல் எவ்வளவு அழகா இருக்கு! நிழல் எத்தனை மணிக்கு ரொம்பக் குட்டையாச்சு?"

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வெளியாள்! நிஜமான வாசகர்! அதுவும் இவ்வளவு நல்ல கேள்வி! கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டு, வகுப்பையே பதில் சொல்ல வைத்தாள். நிழலின் நீளத்தையும் நேரத்தையும் வைத்துப் பூமியில் நாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கலாம் என்று விளக்கி, கணக்குப் போட வைத்து, விடையைப் பிளாகில் ஏற்றிக் கைதட்டவும் வைத்தாள்.

கேள்விகள் தொடர்ந்தன. பின்னணியில் ரயில் சத்தம் கேட்கிறதே, அது எந்தத் திசை? சுவரில் பெரிசாக விழும் உருண்டை நிழல் என்னது? சுண்டு விழுந்து விழுந்து பதில் எழுதினாள். "ரயில் கிழக்கே. அந்த உருண்டை எங்க எதிர்ல இருக்கிற தண்ணி டேங்க்." மற்றவர்களுக்குப் பொறாமை. ரசிகர் மாமா சுண்டுவுக்கு மட்டும்தான் எழுதுகிறார் என்று சண்டை. ஒவ்வொரு கமெண்டாகப் பார்த்து அனுமதிக்கச் சோம்பல்பட்டு, ரசிகர் எழுதுவது உடனே வெளியே தெரியும்படி டீச்சரே மாற்றி வைத்தாள். வீடியோ மட்டும் அவள் பார்த்து அனுமதித்தால்தான் வரும்.

இதெல்லாம் காரில் ஏறி உட்கார்ந்தபோதுதான் ஒன்றன்மேல் ஒன்றாக மண்டையில் இடித்தது. துப்புக் கேட்டவனுக்கு வகுப்பே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது!

சுண்டு இன்று காய்ச்சல் என்று லீவு. அம்மாவும் வீட்டில்தான். டீச்சர் போன் அடித்தாள்.

"அக்கா, கதவைப் பூட்டிக்குங்க. யார் தட்டினாலும் திறக்காதீங்க. அந்த ஆள் வந்துட்டான்னு நினைக்கிறேன். டேங்க்குக்குக் கீழ நிக்கிறதா எழுதியிருக்கான். நான் போலீஸுக்குச் சொல்லிடறேன்."

அந்தப் பக்கம் அலறல் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"போலீஸ் வேண்டாம் டீச்சர். அங்கயும் அவன் ஆளுங்க இருக்காங்க. உங்ககிட்ட கார் இருக்குல்ல? பின்பக்கம் இரும்புப் படி இருக்கு. அங்க வந்துடுங்க."

தண்ணீர் டேங்க்கைச் சுற்றி வரும்போது டீச்சர் காரை மெதுவாக்கி ஆளைத் தேடினாள். தடியன் ஒருவன், மீசை, சிவந்த கண் என்று மனசுக்குள் ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். அப்படி யாருமில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் ஒரு கிழவர். டேங்க்கின் படியில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர் மாடியையே பார்த்தபடி ஒரு பெண்மணி. அவ்வளவுதான். அப்பாடா, இன்னும் வரவில்லை, அல்லது எங்கோ ஒளிந்திருக்கிறான்.

பின்பக்கம் இரண்டு பேரும் தயாராக நின்றார்கள். அம்மா கையில் பெட்டி. அதற்குள் எப்படிக் கட்டினாள் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மேலே அவ்வளவு தூசி. கட்டிலுக்கு அடியில் எப்போதுமே கட்டியபடி இருந்த பெட்டி. சுண்டுவின் ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை.

"ஏறுடி."

"என் இன்னொரு செருப்பு மேல இருக்கும்மா."

"உயிர் பெருசா செருப்பு பெருசா? ஏறு!"

கார் கிளம்பியது. சுண்டு பின் கண்ணாடி வழியே டேங்க்கையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ரசிகர் மாமா கெட்டவர் இல்ல டீச்சர். ஜுரம்னு எழுதினேன்ல, நேத்து மூணு தடவை கேட்டாரு, மாத்திரை போட்டியா போட்டியான்னு."

"அப்படித்தான் கேப்பான் கண்ணு," என்றாள் டீச்சர். "தேன் தடவித்தான் பேசுவாங்க."

"டீச்சர்," அம்மாவின் குரல் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. "அந்த பிளாகை மொத்தமா அழிச்சிடுங்க. இப்பவே."

"என் வீடியோ எல்லாம் போயிடுமா?" சுண்டுவுக்கு அழுகை முட்டியது.

"எல்லாமே போகட்டும்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஒரு லாரி, அதன் பின்னால் ஒரு பஸ். டீச்சர் செல்லை எடுத்தாள். அழி என்பதை அழுத்தினாள். கருவி திருப்பிக் கேட்டது: "உங்கள் அனுமதிக்காக ஒரு வீடியோ காத்திருக்கிறது. அதுவும் அழிந்துவிடும். தொடரவா?"

அனுப்பியது நிழல் ரசிகர். காலையில்.

போலீஸிடம் என்றாவது காட்ட வேண்டியிருக்கும். முதலில் பார்த்துவிடலாம் என்று தொட்டாள்.

முகம் இல்லை. இரண்டு கைகள் மட்டும். மண்ணில் ஒரு குச்சியை நட்டுப் பிடித்திருந்தன. கண்ணாடி வளையல், நரம்பு தெரியும் மணிக்கட்டு. பெண்ணின் கைகள்!

டீச்சர் திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். இரண்டு சுண்டுவிரலும் மோதிரவிரலைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி உள்பக்கம் வளைந்திருந்தன.

ரயில் வந்துவிட்டது. தடதடவென்று காரே ஆடியது. டீச்சர் செல்லைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தக் குரல் அவளுக்கு மட்டும் கேட்டது.

"டீச்சர், வணக்கம். உங்க சட்டப்படி முகம் காட்டல. குழந்தைங்க போடற வீடியோ எல்லாத்தையும் வருஷக்கணக்கா ஒண்ணுவிடாம பாத்துக்கிட்டு வரேன். முகத்தைப் பாத்துப் பாத்து ஏமாந்துட்டேன், வளந்த முகம் எப்படி இருக்கும்னு எனக்கென்ன தெரியும்? நீங்க கையை மட்டும் காட்டச் சொன்னீங்க..."

தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் டீச்சர் பின்சீட்டைப் பார்த்தாள். சுண்டுவின் தோளை இறுக்கிப் பிடித்திருந்த கை. ஸ்கேல் மாதிரி நேரான விரல்கள்.

ரயிலின் கடைசிப் பெட்டி கடந்தது. கேட் மேலே ஏறியது. லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை.

"டீச்சர், திறந்தாச்சு. போங்க," என்றாள் பின்சீட்டில் இருந்தவள்.

டீச்சர் என்ஜினை அணைத்தாள். சாவியை உருவி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க? அவன் வந்துடுவான்! எடுங்க வண்டியை!"

டீச்சர் திரும்பவில்லை. காதிலிருந்து செல்லையும் எடுக்கவில்லை. குரல் இன்னும் முடிக்கவில்லை.

"...இவ அப்பா இவ பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டார் டீச்சர். நான் வேலைக்குப் போறப்ப குழந்தையைப் பாத்துக்க ஒரு பொண்ணை வெச்சிருந்தேன். ஒருநாள் சாயந்திரம் வந்தா தொட்டில் காலி. அவளைக் கண்டுபிடிக்கறது சுலபம். முழங்கைக்கு மேல தீக்காயத் தழும்பு இருக்கும். என் வீட்டு அடுப்புல சுட்டுக்கிட்டது. மருந்து போட்டுவிட்டது நான்தான்."