ஏலத்துக்கு வந்த பத்திரம்

1

முப்பத்தேழு ரூபாய், நான்கு பணம், இரண்டு சக்கரம். பூங்கனியக்கா ராஜையன் முதலாளிக்குக் கொடுக்கவேண்டியிருந்த தொகை இது. (எங்கள் திருவிதாங்கூரில் நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய்.) இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன், 1931-இல், எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் ஏலம் கூறியவன் நான். அந்த ஏலத்தில் நான் செய்த ஒரு காரியம் சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் கேட்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நாற்பத்தொன்றாம் வயதில் எழுத்துப் படித்தவன் நான். மண்வெட்டி பிடித்த கைக்குப் பேனா ஒரு கனமா என்று நினைத்தேன். ஒரு பக்கம் எழுதுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடுகிறது. ஆகையால் சில வாக்கியங்களை முடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இராஜாக்கமங்கலத்துக்கு வடக்கே, பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற வயல்களின் நடுவே..."

நிறுத்தினேன். பட்டை நான் தொட்டதில்லை. வயலைத் தொட்டிருக்கிறேன். அங்கே இருப்பது சேறும் அட்டையும்.

பிறகு இப்படி: "கர்த்தருடைய கிருபை அளவற்றது. அதற்குச் சாட்சியாக..."

இது சபையில் பிரசங்கம் செய்கிற உபதேசியார் தொடங்கவேண்டிய விதம். அவருக்குச் சம்பளம் உண்டு.

மூன்றாவது தொடக்கம்: "கடன் ஒன்பது ரூபாயாக இருந்தது." இதை வைத்துக்கொள்ளலாம். பூங்கனியக்காவின் புருஷன் காய்ச்சலில் கிடந்தபோது வைத்தியத்துக்கு வாங்கியது ஒன்பது ரூபாய். பதினெட்டாம் நாள் அவன் இறந்தான். வட்டிக்காக அக்காள் முதலாளி வயலில் களை பறித்தாள், அவர் வீட்டில் நெல் குத்தினாள். வேலை வட்டிக்கே போதவில்லை என்று சொல்லி, வருஷந்தோறும் பழைய பத்திரத்தைக் கிழித்து, கூடுதல் தொகைக்குப் புதுப் பத்திரம் எழுதி, அவள் பெருவிரலைப் பிடித்து அமுக்கினார்கள். ஏழு வருஷம். கடைசிப் பத்திரத்தில் ஒரு வரி கூடிற்று: வருகிற அறுப்பின் பண்டிகைக்குள் பணம் தராவிட்டால் அவள் மூன்று சென்ட் நிலமும் அதிலுள்ள குடிசையும் முதலாளிக்குச் சேரும்.

(முதலாளியும் கிறிஸ்தவர்தான். ஒரே சபை. அவருக்கு முன் பெஞ்சு, எங்களுக்குப் பின்னால் பாய். இதைத் தனி வாக்கியமாக வெளியே எழுதலாமா என்று யோசித்தேன். பாயில் உட்கார்ந்து பழகினவன், அடைப்புக்குள் போட்டுவிட்டேன்.)

3

இனி அக்காளைப் பற்றி. இங்கேதான் எனக்குச் சந்தேகம். "பூங்கனி கண்ணீரோடும் பொறுமையோடும் கர்த்தருக்குக் காத்திருந்தாள்" என்று எழுதி, ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அவளிடமே வாசித்துக் காட்டினேன். என்னைவிட நாலு வயது மூத்தவள். பக்கத்துக் குடிசை.

"ஏலே யேசுரத்தினம், யாருல அழுதது?"

"கதையில கொஞ்சம் அழட்டும் அக்கா. வாசிக்கியவங்களுக்கு இரக்கம் வரும்."

"எனக்கு வராத அழுகையை எனக்க பேருல எழுதாத. நான் மாசாமாசம் முதல் சனிக்கிழமை அந்த வாசல்ல போய் நின்னு, 'முதலாளி, எவ்வளவு கொறஞ்சிருக்கு?'ன்னு கேட்டேனா இல்லியா?"

"கேட்டீங்க."

"ஒரு மாசம் விட்டேனா?"

"இல்ல."

"அத எழுது. அவரு 'போட்டீ, போ'ன்னு வெரட்டுவாரு. நான் அடுத்த மாசமும் போவேன். கேக்கது எனக்க வேல. கொறைக்கது ஆண்டவருக்க வேல. அவரு தாமதிச்சாருன்னு நான் எனக்க வேலைய விடவா?"

கண்ணீரை அடித்துவிட்டேன். அடித்த கோடு கையெழுத்துப் பிரதியில் தெரியும்.

4

ஏலத்துக்குப் போகுமுன் எங்கள் சபை வழக்கத்தைச் சொல்லவேண்டும். தெரியாவிட்டால் மீதி விளங்காது.

கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் அறுவடை முடிந்ததும் அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலில் முதற்பலனை அவரவர் தலையில் சுமந்து வந்து பீடத்தின் முன் வைக்கவேண்டும். ஆள் வைத்துச் சுமக்கக் கூடாது, முதலாளியானாலும் சரி. உபதேசியார் ஜெபித்தபின் அத்தனையும் ஆண்டவருடைய சொத்து. பிறகு முற்றத்தில் ஏலம், பணம் சபைக்கு. எனக்கு ஏற்றம் இறைத்து வளர்ந்த தொண்டை. அதனால் ஏலம் கூறும் வேலை என் தலையில் விழுந்தது.

(முந்தின வருஷம் ஞானதாசன் என்ற கூலிக்காரன் பலாப்பழத்தைத் தன் துண்டில் கட்டிக்கொண்டு வந்தான். அவிழ்க்க மறந்துவிட்டான். ஜெபமும் முடிந்துவிட்டது. துண்டு திரும்பக் கிடையாது என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் ராஜையன் முதலாளி. ஞானதாசன் தன் துண்டைத் தானே மூன்று பணத்துக்கு ஏலம் எடுத்தான்.)

5

பண்டிகை நாள். பத்திரத்தின் கெடுவும் அன்றுதான். ஆராதனை முடிந்ததும் உபதேசியாரைச் சாட்சி வைத்துக் குடிசையைக் கையேற்க முதலாளி பத்திரத்தோடு புறப்பட்டார். மடியில் வைத்தால் தலைச்சுமையோடு நடக்கும்போது அவிழ்ந்துவிடும் என்று, ஓலைக் கடவப் பெட்டியிலிருந்த நெல்லின்மேல் பத்திரத்தை வைத்து, அதன்மேல் ஒரு பூசணிக்காயை வைத்திருக்கிறார். (இது அவர் பின்னால் சத்தம்போட்டபோது அவர் வாயாலேயே வந்தது.) கோயிலுக்கு வந்து சேருமுன் கழுத்து வலி அவருக்கு எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது. எங்களைப் போல் சுமந்து பழகினவர் என்றால் மறந்திருக்கமாட்டார்.

கடவத்தைப் பீடத்தின் முன் இறக்கினார். ஜெபம் நடந்தது. நாங்கள் ஆமென் சொன்னோம். அவரும் சொன்னார்.

6

முற்றத்தில் செல்வதாஸ் உபதேசியார் பூசணிக்காயைத் தூக்கினார். அடியில் தாள். பிரித்து வாசித்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"முதலாளி, இது பூங்கனிக்க பத்திரமில்லா?"

"அட, அது எனக்க தாளு. இங்க தாரும்."

ஞானதாசன் எழுந்தான். "நில்லும் முதலாளி. போன வருசம் எனக்க துண்டு போச்சே. 'பீடத்துல வச்சது ஆண்டவருக்குள்ளது, தொடாதே'ன்னு சொன்னது ஆரு?"

"ஏலே, துண்டும் பத்திரமும் ஒண்ணால?"

"ஆண்டவருக்கு ஒண்ணுதான். எனக்குத்தான் துண்டு பெருசு. ஒரு துண்டுதான் உண்டும்."

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெஞ்சுக்காரர்களும் சிரித்தார்கள். உபதேசியார் கண்ணாடியைத் துடைத்தார். அவர் சம்பளத்தில் பாதி முதலாளியின் காணிக்கை. அது எங்களுக்குத் தெரியும். அவர் தாமதித்ததைப் பார்த்தாலே அதைத்தான் நினைக்கிறார் என்று தெரிந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "ஜெபம் பண்ணியாச்சு முதலாளி. ஏலம் போட்டுத்தான் ஆகணும்."

"போடுங்க. நான்தான எடுக்கப்போறேன்? எங்கூடப் போட்டிக்கு ஆரு இருக்கா?"

நான் கல்மேல் ஏறினேன். "பத்திரம் ஒண்ணு! முப்பத்தேழு ரூவா நாலு பணம் ரெண்டு சக்கரம் வசூல் பண்ண உரிமையுள்ள பத்திரம்! ஆரு கேக்குதியா?"

பூங்கனியக்கா எழுந்து நின்றாள். "ஒரு சக்கரம்."

முதலாளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "ஏட்டி, ஒரு சக்கரத்துக்கு மொளகு கூடத் தரமாட்டான்டி."

"மொளகு வேண்டாம் முதலாளி. பத்திரம் போதும்."

"ஒரு சக்கரம் ஒருதரம்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுதரம்."

இங்கேதான் என் குற்றம். இரண்டாந்தரத்துக்கும் மூன்றாந்தரத்துக்கும் நடுவில் நான் நிறுத்துவது வழக்கம். எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பேன். வெறும் முருங்கைக்காய்க் கட்டுக்குக்கூட ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் கொடுத்தவன். அன்று ராஜையன் முதலாளி சிரிப்பை நிறுத்தி, வாயைத் திற...

"மூணுதரம்!"

ஒரே மூச்சில் வந்துவிட்டது. நான் கூப்பிட்டேனா, அதுவாக வந்ததா? எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டும் பொருந்துகிறது.

அக்காள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சக்கரத்தைத் தட்டில் போட்டாள். பத்திரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"இது கள்ள ஏலம்!" என்று முதலாளி கத்தினார்.

"பத்திரம் ஆருகையிலயோ, அவுங்களுக்குத்தான் கடன்," என்றார் உபதேசியார். இந்தத் தடவை தாமதமில்லை.

"அப்ப இனி எனக்கு நான்தான் கடங்காரி," என்றாள் அக்காள். "நான் தவணை தாறேன். மெதுவாக் குடுத்தாப் போரும்."

அப்போது சிரித்த சிரிப்பை எழுத எனக்கு எழுத்துப் போதாது. மடக்கி வைத்திருந்த காலை ஏழு வருஷம் கழித்து நீட்டினதுபோல் இருந்தது எங்கள் எல்லாருக்கும்.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில், முதலாளி மனந்திரும்பி அழுகிறார். (சபைப் பத்திரிகை இதை உடனே அச்சிடும்.)

இரண்டாவதில், நாகர்கோவில் கோர்ட்டுக்குப் போய்த் தோற்கிறார். (அவர் கோர்ட்டுக்குப் போகவேயில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது.)

மூன்றாவதில், முதலாளி வாயைத் திறந்தது ஏலத்தை ஏற்ற அல்ல; "போகட்டும், அவளுக்கே குடு" என்று சொல்லத்தான். நான் அவசரப்பட்டு அவருடைய ஒரே நல்ல சொல்லைப் பறித்துவிட்டேன். இந்த முடிவு என்னை உறங்கவிடவில்லை.

மூன்றையும் அக்காளுக்கு வாசித்தேன். புதுசாக ஓலை வேய்ந்த தன் குடிசைக்கு முன்னால் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"அந்த மனுசன் என்ன சொல்ல வந்தாருன்னு அவருகிட்டயே கேளேன்."

"கேட்டேன் அக்கா. 'போலே'ன்னாரு."

"அடுத்த மாசமும் போய்க் கேளு," என்றாள். பத்திரத்தை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். "இப்பம்தான் ஒனக்கு எழுத்து வருதே. இதுல முடிஞ்சுதுன்னு எழுதித் தா."

'பைசல்' என்று எழுதி, அன்றைய தேதி போட்டேன். அதன்கீழ் அக்காள் பெருவிரலை வைத்தாள். இந்தத் தடவை யாரும் பிடித்து அமுக்கவில்லை.

நான் எழுதினது இவ்வளவுதான். ஓர் இடம் மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

வாயைத் திறந்து ராஜையன் முதலாளி சொல்ல வந்தது: ..............................

இதை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். நல்லதாகவோ பொல்லாததாகவோ, உங்களுக்குத் தோன்றுகிறபடி. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், நான் அவசரப்படுத்தமாட்டேன். என்ன எழுதினாலும் கடன் தீர்ந்தது தீர்ந்ததுதான். மூன்றாந்தரம் கூப்பிட்டாயிற்று.