இரு வீட்டுக்கு ஒரு கை

அடுப்பின் நீலச் சுடர் தாளின் மூலையைத் தொட்டது. கருப்பு மெல்ல ஊர்ந்து, தேதியைத் தின்று, நேரத்தைத் தின்று, கடைசியில் ஒரு பெண்ணின் பெயரையும் தின்றது. சாம்பலைக் கழுவு தொட்டியில் உதறிவிட்டு அப்பா கையைத் துடைத்துக்கொண்டார்.

எரிந்தது ஓர் அழைப்புக் கடிதம். நாளைக் காலை பத்து மணிக்கு இளநிலைக் கணக்கர் பணிக்கான கணினித் தேர்வுக்கு வரும்படி, ஒரு தணிக்கை அலுவலகம் அவருடைய மகளுக்கு எழுதியது.

"அப்பா, அது வெறும் பிரிண்ட் அவுட். லெட்டர் என் மெயில்லயே இருக்கு."

"மெயிலும் எரிஞ்சு போச்சுன்னு நெனச்சுக்க. அஞ்சு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க. அதுவரைக்கும் வாயத் திறக்காத. அதுக்கப்புறமும் திறக்காத."

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தின் ஆவண அறையைக் காத்தவர் அவர். ஒரு தாளைக்கூடச் செல்லரிக்க விடாதவர் என்று பெயரெடுத்தவர். அந்தக் கை முதன்முதலாக எரித்த தாள், பெற்ற மகளின் தாளாக இருந்தது. தேநீருக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா, அடுப்பைவிட்டு ஓரடி விலகி நின்றாள்.

வீட்டில் எல்லோரும் மகளைச் சின்னவள் என்றுதான் அழைத்தார்கள். அண்ணனும் அவளும் ஒரே கல்லூரியில் வணிகவியல் படித்தவர்கள். பற்று, வரவு, தேய்மானம் என்று மூன்றாண்டுகள் ஏட்டிலே படிக்கிறார்கள் நம் பிள்ளைகள். வேலைக்குப் போன முதல் நாள் அவற்றை எவர் கேட்கிறார்? "இந்த ஷீட்டைச் சரி பண்ணிக் குடு" என்று நாலாயிரம் வரிசைகளை முன்னால் தள்ளுகிறார்கள்; அங்கேதான் பட்டம் வேறு, தொழில் வேறு என்று தெரிகிறது. அந்த உண்மையைச் சின்னவள் படிக்கும்போதே கண்டுகொண்டாள். கல்லூரிக் கணினி அறையில் இருவருக்கு ஓர் இயந்திரம். அண்ணன் தன் பங்கு மணி நேரத்தைத் தங்கைக்குத் தாராளமாகத் தானம் செய்துவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவான். அவள் உட்கார்ந்து கற்றாள். தவறாகப் போட்டு, அழித்து, மீண்டும் போட்டுக் கற்றாள்.

படிப்பு முடிந்ததும் அண்ணன் வேலைக்கு அனுப்பப்பட்டான். அவள் வீட்டில் வைக்கப்பட்டாள். எட்டு மாதங்களாக அவன் மாலைதோறும் கோப்புகளோடு வருகிறான். அவள் முடித்துக் கொடுக்கிறாள். அலுவலகத்தில் அவனுக்கு 'எக்செல் புலி' என்று பட்டப்பெயர். புலிக்குப் பல் வீட்டில் இருந்தது என்பது அங்கே யாருக்குத் தெரியும்?

ஐந்து அடிக்கும் முன்பே அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையும் அவன் தாயும். மாப்பிள்ளையும் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவன்தான். தோளில் மடிக்கணினிப் பை. அதை அவன் கீழே வைக்காமல் மடியிலேயே அணைத்துக்கொண்டு உட்கார்ந்ததைச் சின்னவள் பார்த்தாள்.

"எங்களுக்குப் பணம் காசு ஒண்ணும் வேண்டாங்க," என்றாள் மாப்பிள்ளையின் தாய், தேநீரை ஆற்றியபடி. "அந்தக் காலத்து ஆளுங்க இல்ல நாங்க. பொண்ணுக்கு இந்த எக்செல் நல்லா வரும்னு தரகர் சொன்னாரு. அது போதும். இவன் பாவம், ராத்திரி பகலா திரையப் பார்த்துப் பார்த்துக் கண்ணு உள்ள போயிடுச்சு."

ஆகா! இதுவல்லவா முற்போக்கு! பொன் வேண்டாம், பொருள் வேண்டாம். விரல்கள் மட்டும் போதும்!

அப்பாவின் முகத்தில் ஒரு கணம் மகிழ்ச்சி படர்ந்தது; மறுகணமே கணக்கும் படர்ந்தது. "தாராளமா செய்வா. ஆனா என் பையனுக்கும் கொஞ்சம்... வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் இங்க அனுப்பி வெச்சீங்கன்னா..."

"கல்யாணமானா எங்க வீட்டுப் பொண்ணாச்சே? சரி, ஒரு நாள் அனுப்பறோம்."

"ஒரு நாள் பத்தாது அத்தை," என்று அண்ணன் பதறினான். "மாசக் கடைசி வாரம் முழுக்க எனக்கு வேணும்."

"மாசக் கடைசி எனக்கும்தானே மச்சான் வருது?" என்றான் மாப்பிள்ளை. இன்னும் நிச்சயமே ஆகவில்லை. அதற்குள் மச்சானும் ஆகிவிட்டான், பங்காளியும் ஆகிவிட்டான்.

இரண்டு வீட்டார் ஓர் உழவு மாட்டுக்கு முறை போட்டுக்கொள்வது போலப் பேச்சு நீண்டது. மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே அவள் முகத்தை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"எனக்கு நாளைக்குக் காலைல வேலைக்கு டெஸ்ட் இருக்கு," என்றாள் சின்னவள்.

அப்பாவின் கோப்பை தட்டில் மோதியது. அவர் திரும்பிப் பார்த்த பார்வையில், விருந்தாளிகள் போனபின் நடக்கவிருப்பது முழுவதும் எழுதியிருந்தது.

மாப்பிள்ளையின் தாய் மட்டும் சிரித்தாள். "வேலைக்கு எதுக்கும்மா போகணும்? வேலைதான் வீட்டுக்கே வருதே!"

சொல்லிவிட்டு மகன் தோளைத் தட்டினாள். "எடுடா அத. கையோட பார்த்துடலாம்."

மடிக்கணினி திறந்தது. மூன்று கிடங்குகளின் சரக்கு இருப்பு. எண்ணிப் பார்த்த பட்டியலும் பதிவேட்டுப் பட்டியலும் ஒத்துப்போக வேண்டும்; ஆறு மணிக்குள் மேலாளருக்குப் போக வேண்டும். மூன்று நாட்களாக வரிவரியாகக் கண்ணால் ஒப்பிட்டுக்கொண்டிருந்தான் அந்தப் புண்ணியவான். "ரெண்டுலயும் ஒரே பேருதான் இருக்கு. ஆனா பார்முலா போட்டா கிடைக்கலன்னு வருது. கம்ப்யூட்டர்ல வைரஸ் போல," என்றான்.

மறுத்துவிடலாமா என்று அவள் நினைத்தாள். அப்பாவின் கண் அசையவில்லை. சின்னவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு பெயரை இருமுறை சொடுக்கினாள். துடிக்கும் கோடு, கடைசி எழுத்தை ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. ஒவ்வொரு பெயரின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது இயந்திரத்துக்கு வேறாகத் தெரியும். ஒரே வாய்பாட்டில் இடைவெளிகளை உதிர்த்தாள், இரு பட்டியல்களையும் இணைத்தாள், கிடங்குவாரியாகச் சுருக்கினாள். பன்னிரண்டு நிமிடம். நாலாயிரம் வரிசைகளில் ஒத்துப்போகாதவை பதினேழு என்று பிரித்து வைத்தாள்.

பக்கத்தின் அடியில், கணக்குத் தாள்களின் வழக்கப்படி, இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. ஒன்று தயாரித்தவர். மற்றொன்று சரிபார்த்தவர்.

அண்ணனுடைய கோப்புகளில் அந்த முதல் கட்டத்தில் எட்டு மாதங்களாக அவள் அண்ணன் பெயரைத்தான் அடித்துக்கொண்டிருந்தாள், கை தானாகவே போகும். இன்று கை போகவில்லை. கூடத்தில் இன்னும் செவ்வாயா வெள்ளியா என்று பேரம் நடந்துகொண்டிருந்தது. அவள் தன் பெயரை அடித்தாள். அருகிலேயே தன் தொலைபேசி எண்ணையும் அடித்தாள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயரைப் போட்டாள். அது பொய்தான், ஆனால் வழக்கமாகப் போடும் பொய்யைவிடச் சிறிய பொய்.

"முடிஞ்சுது. அனுப்பறதுக்கு முன்னாடி கடைசிவரைக்கும் ஒரு தடவ பார்த்துடுங்க," என்றாள்.

மாப்பிள்ளை மேலே இருந்த எண்களைப் பார்த்தான். கண்கள் மலர்ந்தன. "இதுல பார்க்க என்ன இருக்கு? எல்லாம் ஒத்துப் போச்சே!" விரல் சொடுக்கியது. கோப்பு போய்விட்டது.

"பார்த்தீங்களா? தங்கமான கை!" என்று அவன் தாய் பூரித்தாள்.

பத்து நிமிடத்தில் அவன் தொலைபேசி ஒலித்தது. "மேனேஜர் சார்! பாராட்டத்தான் இருக்கும்," என்று எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தினான்.

"பிரமாதமா வந்திருக்குப்பா. மூணு நாளா இழுத்தடிச்சியே, யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"அப்ப தயாரித்தவர்னு ஒரு பொண்ணு பேரு இருக்கே? நீ சரிபார்த்தவர்னு இருக்கு. உனக்கு என்னப்பா தெரியும்னு நீ சரிபார்த்த?"

அண்ணனுக்குத் தன் எட்டு மாதக் கோப்புகள் நினைவுக்கு வந்தன. இது அடுத்த வீட்டுத் தீ. கூரையோ ஒரே கூரை. மாப்பிள்ளை தாயைப் பார்த்தான். சொல்லாதே என்று அவள் தலையை ஆட்டினாள்.

"அது... வீட்டாளு சார். டைப் அடிக்க உதவி பண்ணாங்க."

சின்னவள் தொலைபேசியின் பக்கம் குனிந்தாள். "சார், போட்டது நான். பேருங்களுக்குப் பின்னாடி இடைவெளி இருந்துச்சு, எடுத்துட்டேன். அந்தப் பதினேழ மட்டும் கிடங்குல நேர்ல எண்ணச் சொல்லுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு வேற ஆபீஸ்ல டெஸ்ட். ஏதாவது கேட்கணும்னா பன்னெண்டு மணிக்கு மேல என் நம்பருக்குக் கூப்பிடுங்க."

"சரிம்மா," என்றது மறுமுனை. துண்டித்தது.

அப்பா எழுந்தார். வாசலுக்கு நடந்தார், தாழ்ப்பாளைப் போட்டார், கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். அவர் கை மடங்கி மடங்கி விரிந்தது.

மாப்பிள்ளையின் தாய் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இப்படி ஒரு பொண்ண வெச்சுக்கிட்டு எங்களைக் கூப்பிட்டீங்களே! வழிய விடுங்க, நாங்க கிளம்பறோம்."

"நீங்க போலாம். இவ போகக் கூடாது."

விருந்தாளியை மட்டும் வெளியே விட்டு மகளை உள்ளே நிறுத்தும் கதவை எந்தத் தச்சன் செய்தான்? அப்பா தாழ்ப்பாளை நீக்கித்தான் ஆகவேண்டியிருந்தது. தாயும் மகனும் முணுமுணுத்தபடி இறங்கினார்கள். அவர்கள் பின்னால், தேர்வுக்கென எடுத்து வைத்திருந்த சான்றிதழ்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சின்னவளும் செருப்பைப் போட்டாள். அப்பாவின் கை உயர்ந்தது. தெருவில் எதிர்வீட்டுக்காரர் வண்டி துடைத்துக்கொண்டு நின்றார். கை இறங்கியது.

"படி தாண்டின, திரும்பி வராத."

"என் பிரெண்டு ரூமுக்குப் போறேம்மா," என்று அவள் உள்ளே பார்த்துச் சொன்னாள். தாண்டினாள்.

காலடியோசை தெருமுனைவரை கேட்டு ஓய்ந்தது. அண்ணன் அவசரமாகத் தன் மடிக்கணினியைத் திறந்தான். நாளைக் காலை ஒன்பதுக்குத் தரவேண்டிய கோப்பு திரையில் விரிந்தது. அவன் அதை மேலும் கீழும் உருட்டினான்; மீண்டும் உருட்டினான்.

"அம்மா, இத எங்கேர்ந்து தொடங்கணும்னு ஏதாவது சொல்லிட்டுப் போனாளா?"

அம்மா காலிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

"காலேஜுக்கு நீயும்தானேடா போன?" என்றாள்.