பின்சீட்டில் பூங்கோதை

என் மனைவி பூங்கோதை காரின் பின்சீட்டில் குடியிருக்கிறாள். ஆடிப் பதினெட்டு அன்று காலையில் போய் உட்கார்ந்தவள். இன்னும் ஆடிதான் நடக்கிறது.

கார் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிற்கிறது. பழைய கார். ஒரு பல் டாக்டரிடமிருந்து வாங்கினேன். வாங்கிய புதிதில் தினமும் துடைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் துடைக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது நான்கு டயரிலும் காற்று இல்லை. வயரையெல்லாம் எலி கடித்துவிட்டது. முன்சீட்டில் புறா முட்டை வைத்திருக்கிறது. பூங்கோதை அதை விரட்டவில்லை.

"அதாச்சும் வீடுன்னு நெனச்சுட்டு இருக்கட்டுமுங்க" என்றாள்.

அன்று பவானிக்குப் போவதாக இருந்தது. காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. ஆற்றங்கரையில் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று புது மஞ்சள் கயிறு வாங்கி வைத்திருந்தாள். கட்டுச்சோறு கட்டினாள். எனக்கு முன்னால் இறங்கிப் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் சாவியைத் திருகினேன். கார் ஒன்றும் சொல்லவில்லை.

"பஸ்ல போயிரலாமா?" என்றேன்.

"இல்லீங்க. நா இதுலதான் போறேன்."

"இது ஓடாது."

"ஒண்ணு ரிப்பேர் பண்ணுங்க. இல்லாட்டி வித்துப்போடுங்க. ரெண்டுல ஒண்ணு ஆகற வரைக்கும் நா எறங்க மாட்டனுங்க."

நான் அவசரப்பட்டு முடிவெடுக்கிற ஆள் இல்லை. எதையும் நாலு பக்கமும் பார்ப்பேன். நாலு பக்கமும் பார்த்து முடிப்பதற்குள் பதினெட்டாம் நாள் முடிந்துவிட்டது.

ஆடியில் யாரும் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். வாங்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள், குடி மாற மாட்டார்கள். பதினெட்டு ஒன்றுதான் விலக்கு. அன்று தொட்டது பெருகும் என்பார்கள். அது போய்விட்டது. சரி, ஆடி முடியட்டும், ஆவணி பிறந்ததும் ஒரு நல்ல நாள் பார்த்துச் செய்யலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆடி முடியவில்லை. தினசரிக் காலண்டரில் கடைசித் தாளைக் கிழித்தேன். கீழே ஆடி முப்பத்து மூன்று இருந்தது. அதையும் கிழித்தேன். கிழிக்கக் கிழிக்கக் காலண்டர் தடித்தது. மாரியம்மன் கோயிலில் தினமும் கூழ் ஊற்றுகிறார்கள். ஊற்றுகிறவர்களுக்குக் கை வலி. குடிக்கிறவர்களுக்கு வயிறு உப்பிவிட்டது. யாரும் நிறுத்தவில்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் அம்மி பறந்து மூன்றாவது மாடிக்குப் போய்விட்டது. போய்க் கேட்டேன். "இது எங்களுதுங்க, காலைலதான் வந்துச்சு" என்றார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். அரைக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கார் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. நடுவில் உள்ள தரைதான் நீளுகிறது. முதலில் லிஃப்டை விட்டு இறங்கினால் கார். பிறகு நடக்க வேண்டியிருந்தது. பிறகு தண்ணீர் பாட்டில் எடுத்துப் போக வேண்டியிருந்தது. இப்போது பாதி வழியில் ஒரு டீக்கடை வந்திருக்கிறது. டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும் சர்க்கரையைக் குறைத்துவிடுகிறார்.

"காருக்குங்களா?" என்பார்.

"ஆமா."

"முடிவு பண்ணீட்டீங்களா?"

"ஆடி போகட்டும்."

"அது சரி" என்று கிளாஸைக் கழுவுவார்.

பூங்கோதைக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. கதவு எனக்குத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் கொடுப்பேன். அந்தக் கண்ணாடி தானாக மேலே ஏறிக்கொண்டிருந்தது, தினமும் கொஞ்சம். முதலில் தட்டோடு கொடுத்தேன். பிறகு இட்லியை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். இப்போது இட்லி நுழைவதில்லை. தோசையைச் சுருட்டித் தள்ளுகிறேன். அதுவும் மூடிவிட்டால் அவள் பேசுவது எனக்குக் கேட்காது. இதை நினைக்காமல் இருக்க முயன்றேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

அவள் மேல் தூசி படிந்திருந்தது. அவள் இருமினால் ஹாரன் லேசாக அடித்தது.

"மெக்கானிக்கையாச்சும் கூட்டீட்டு வந்து காட்டுங்க" என்றாள். "காட்டறதுக்கு நல்ல நேரம் எதுக்குங்க?"

நியாயமாகப் பட்டது. மெக்கானிக் ரங்கராசுவைக் கூட்டிப் போனேன். டீக்கடைவரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைக்குப் பிறகு, "பெட்ரோலுக்குத் தனியாக் குடுத்துருங்க" என்றார். நாங்கள் நடந்துதான் போய்க்கொண்டிருந்தோம்.

அவர் பானெட்டைத் திறந்தார். உள்ளே என்ஜின் இல்லை. எங்கள் வீட்டு ஹால் இருந்தது, சின்னதாக. சோபா, டிவி, ஃபேன் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. சோபாவில் நான் உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரல் அளவுதான் இருந்தேன். காலை நீட்டி, வயிற்றின் மேல் ரிமோட்டை வைத்திருந்தேன்.

ரங்கராசு டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இதானுங்க ஜாம் ஆயிருக்குது" என்றார்.

"எது?"

"உக்காந்திருக்குதே, இது."

"ஆயில் விட்டுப் பார்க்கலாமா?"

அவர் ஆயில் விட்டார். என் தலையில் சில்லென்று இறங்கியது. காதுக்குள் போய்ச் சட்டைக் காலரை நனைத்தது. சோபாவில் இருந்தவன் அசையவில்லை. கையால் முகத்தைத் துடைத்துவிட்டு வேறு சேனல் மாற்றினான்.

"இதைக் கழட்டிப் போட்டா வண்டி ஓடுமுங்க" என்றார் ரங்கராசு.

"கழட்டினா இது என்ன ஆகும்?"

"பழைய இரும்புக்காரன் எடுத்துக்குவான்."

"நான்?"

அவர் என்னையும் பார்த்தார். உள்ளே இருப்பவனையும் பார்த்தார். "நீங்க எதுக்கும் வீட்ல கலந்துக்குங்க" என்றார்.

பின்சீட்டில் பூங்கோதை காதைத் தீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கழற்றிவிடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனுஷனைக் கழற்றுகிற விஷயத்தில் பெண்டாட்டி வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

"ஆடி போகட்டும்" என்றேன். ரங்கராசு பானெட்டை மெதுவாக மூடினார். டிவி சத்தம் நின்றது.

அடுத்த நாள் புரோக்கர் நாச்சிமுத்துவை வரச்சொன்னேன். பழைய கார் வாங்கி விற்பவர். அவர் காரைச் சுற்றி வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஒடுங்கின இடத்தில் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் சத்தம் மாறும். கதவைத் தட்டினார். டிக்கியைத் தட்டினார். அப்படியே வந்து என் நெஞ்சைத் தட்டினார்.

"இங்க பட்டி பாத்திருக்குதுங்களே" என்றார்.

"இல்லையே."

"நெறைய வச்சுப் பூசியிருக்குது. உள்ள ஒண்ணுமில்ல." இன்னொரு முறை தட்டினார். "காரு பரவால்லீங்க. ஓனர்தான் அடிபட்ட வண்டி."

"காரை யாராச்சும் எடுத்துக்குவாங்களா?"

"எடுத்துக்குவாங்க. எப்படி நிக்குதோ அப்படியே எடுத்துக்குவாங்க. உள்ள உக்காந்திருக்கறவங்களும் அதோட வருவாங்க."

"அவள் என் பெண்டாட்டி."

"சரிங்க. எறங்கச் சொல்லுங்க."

நான் ஜன்னல் சந்தில் வாயை வைத்து, "பூங்கோதை, இறங்கி வா" என்றேன்.

"முடிவு பண்ணீட்டீங்களா?"

"பண்ணிருவேன்."

"பண்ணீட்டு வாங்க, எறங்கறேன்" என்றாள். அவள் குரல் தொட்டிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கண்ணாடி இன்னும் ஒரு விரல் ஏறியிருந்தது.

ரிப்பேர் செய்தால் நான் இல்லை. விற்றால் அவள் இல்லை. சும்மா விட்டால் கண்ணாடி மூடிவிடும். அன்று திரும்பி நடந்தபோது அழுகை வந்தது. டீக்கடைக்காரர் டீக்குப் பதில் வெறும் பால் கொடுத்தார். நான் மறுக்கவில்லை.

மறுநாள் தோசையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். காருக்குப் பக்கத்தில் ஒரு பெண் வாளித் தண்ணீரோடு நின்றாள். நாற்பது வயதிருக்கும். சேலையை இடுப்பில் செருகியிருந்தாள். கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பூங்கோதையின் முகம் தெளிவாகத் தெரிந்தது. எத்தனையோ நாளாக நான் அதைப் பார்க்கவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தாள். அழகாகவும் இருந்தாள்.

"நீங்க?"

"மயிலாத்தாளுங்க. நாச்சிமுத்தண்ணன் சொன்னாரு. வண்டி வாங்க வந்தேன்."

"இவ்வளவு தூரம் எப்படி வந்தீங்க?"

"தூரமுங்களா? அந்தப் பக்கமா வந்தேன். ரெண்டு எட்டுதான்" என்று காருக்குப் பின்னால் கை காட்டினாள். அங்கே ஒரு கேட் திறந்திருந்தது. வெயில் அடித்தது. தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். அந்தப் பக்கம் ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது. நான் எப்போதும் லிஃப்டில்தான் வருவேன்.

"ஆடியில வண்டி வாங்கறீங்களே" என்றேன்.

அவள் துணியைப் பிழிந்தாள். "எங்க பக்கம் ஆவணி பொறந்து ரொம்ப நாளாச்சுங்களே. கல்யாணமெல்லாம் நடந்துட்டு இருக்குது. உங்க பக்கம் இன்னும் ஆடிதானுங்களா?"

நான் தோசையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

மயிலாத்தாள் முன்கதவைத் திறந்தாள். அது திறந்தது. புறாக் கூட்டை இரண்டு கையாலும் தூக்கித் தூண் ஓரமாக வைத்தாள். பிறகு பானெட்டைத் தூக்கினாள். நான் ஓடிப்போய், "அதில் கை வைக்காதீங்க" என்றேன். அவள் குனிந்து உள்ளே ஃபூ என்று ஒரு ஊது ஊதிவிட்டு மூடிவிட்டாள்.

"என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தூசிங்க."

எனக்கு லேசாகத் தலை சுற்றியது. காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கையில் தோசை இருந்தது.

"நான் இன்னும் முடிவு பண்ணலை" என்றேன்.

"நீங்க பண்ண வேண்டாமுங்க. நா பண்ணீட்டேன். சாவியக் குடுங்க."

கொடுத்தேன். கொடுத்ததும் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவுக்காக என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனாலும் இருந்தது.

அவள் சாவியைத் திருகினாள். கார் ஓடத் தொடங்கியது. புகை இல்லை, உதறல் இல்லை. டயர்கள் மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தன. மயிலாத்தாள் பின்னால் திரும்பி, "எங்க போகோணும் அம்மிணி?" என்று கேட்டாள்.

"பவானிக்குப் போலாமுங்க" என்றாள் பூங்கோதை. "தண்ணி இருக்குமுங்களா?"

"ரெண்டு கரையும் தொட்டுட்டுப் போகுது."

அப்போது பின்கதவு திறந்தது. பூங்கோதைதான் உள்ளிருந்து திறந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். அவள் கையால் அந்த இடத்தைத் தட்டித் துடைத்தாள்.

"ஏறுங்க" என்றாள்.

என்னை அவள் விட்டுவிட்டுப் போவாள் என்றுதான் நினைத்திருந்தேன். கூப்பிடுவாள் என்று நினைக்கவே இல்லை. ஒரு காலைத் தூக்கிவிட்டேன். அதே நேரம் மணியைப் பார்த்தேன். ராகு காலம்.

"சித்த நேரம் பொறு" என்றேன். "ராகு காலம் முடியப் போகுது. முடிஞ்சதும் ஏறிக்கறேன்."

பூங்கோதை என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஊருக்கு வழி கேட்டவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள். என் கையிலிருந்த தோசையை வாங்கிக்கொண்டாள். கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.

கார் வெயிலுக்குள் போனது. கேட் மூடிக்கொண்டது. கேட் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. சுவரில் வெள்ளையடித்து நாளாகியிருந்தது. நான் ராகு காலம் முடிவதற்காகக் காத்திருந்தேன். முள் நகர்ந்துகொண்டுதான் இருந்தது, மணி மட்டும் மாறவில்லை.

பூங்கோதை, பூங்கோதை என்று கத்தினேன். லிஃப்ட் பக்கமிருந்து வாட்ச்மேன் பெரியண்ணன் சைக்கிளில் வந்தார். வியர்த்திருந்தார்.

"சத்தம் போடாதீங்க சார். இந்த எடம் உங்க பேர்லதான் இருக்குது. காலியா விட்டா அடுத்தவங்க வண்டிய நிறுத்தீருவாங்க."

"என்ன செய்யணும்?"

"நடுவுல நில்லுங்க. கோட்ட மிதிக்காதீங்க."

மஞ்சள் கோடுகளுக்கு நடுவில் போய் நின்றேன். கொஞ்சம் முன்னால் வரச்சொன்னார். வந்தேன். இடது பக்கம் ஒடிக்கச் சொன்னார். ஒடித்தேன். "போதும், போதும்" என்று கையைக் காட்டினார்.

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஒரு செங்கல்லைத் தேடி எடுத்துவந்து என் குதிகாலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.