இரண்டாவது கையெழுத்து

வினாத்தாள் உறையை நினைத்தவுடன் கிழித்துவிட முடியாது. முத்திரை உடையாமல் இருப்பதைத் தேர்வர்கள் இருவர் பார்த்து, உறையின் மேல் கையெழுத்திட வேண்டும். பிறகுதான் பிளேடு. யாரும் முன்கூட்டிப் பிரிக்கவில்லை என்பதற்கு எழுத வந்தவர்களே சாட்சி. அழகான ஏற்பாடு.

திருவாடானையில் அந்த எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு மையத்தில் தேர்வர்களே இரண்டு பேர்தான். ஒருத்தி பானுப்பிரியா, பள்ளிக்கூடம் போகாமல் அம்மாவிடம் வீட்டிலேயே படித்தவள். இதில் தேறினால்தான் அவள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர் காதர் மைதீன், காரங்காட்டிலிருந்து நண்டு ஏற்றும் வேன் ஓட்டுநர். அரசு ஓட்டுநர் வேலைக்காக எழுத வந்தவர், கணக்குத் தேர்வோடு வெறுத்துப்போய் அறிவியலன்று வரவில்லை.

முதன்மைக் கண்காணிப்பாளர் குருநாதன், அறைக் கண்காணிப்பாளர், காவலர், தண்ணீர் கொடுப்பவர் எல்லோரும் இருந்தார்கள். இரண்டாவது கையெழுத்துதான் இல்லை. தண்ணீர் கொடுப்பவர் தான் போடுவதாகச் சொன்னார். இரண்டையும் தானே போடுவதாகப் பானுப்பிரியா சொன்னாள். குருநாதன் அதைச் சற்று நேரம் யோசித்தார். மேலிடத்துக்குப் போன் செய்ததில், விதியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள்.

அவள் அப்பா தர்மராஜ் பைக்கில் போய் வேனை வழியிலேயே மறித்தார்.

"கையெழுத்துத்தான மச்சான், போட்டுட்டுப் போறேன்" என்று காதர் மைதீன் கைலியோடு வந்தார். போட்டார். உறை திறந்தது. கிளம்பியவரைக் குருநாதன் நிறுத்தினார்.

"கையெழுத்துப் போட்டா வந்ததாக் கணக்கு. வந்தவரு பாதி நேரமாச்சும் உக்காரணும்."

"நண்டு செத்துரும் சார்."

காவலர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, வேனிலிருந்த நண்டுச் சாக்குகளுக்குத் தண்ணீர் தெளித்தார். உள்ளே காதர் மைதீன் சும்மா இருக்க முடியாமல் பேனா கேட்டு வாங்கினார். பாதி நேரம் முடிந்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும் பானுப்பிரியாவிடம் கேட்டார்: "நாளைக்கும் உறையப் பிரிக்கணுமோ?"

"ஆமா மாமா. சமூக அறிவியல்."

"படிக்கலையே தாயி."

"கையெழுத்துக்குப் படிக்க வேணாம்."

தர்மராஜுக்கு அவர் மேல் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு காரங்காட்டுக்கே போய்விட்டார். மகளை மையத்தில் விட அந்த ஒரு பைக்தான் உண்டு என்பதை மறந்துவிட்டார்.

அதற்குள் காதர் மைதீன் பேண்ட் போட்டு, வேறு வழியாக வேனில் மையத்துக்கு வந்திருந்தார். "நேத்து என்னையத் தேடுனீக. இன்னைக்கு அந்தப் புள்ளையக் காணோம்" என்றார். குருநாதன் வேனைக் காட்டி, போய் அவளை ஏற்றிவரச் சொன்னார்.

நண்டுச் சாக்குகளோடு வந்து இறங்கிய பானுப்பிரியாவிடம் குருநாதன் வாசலிலேயே பேனாவை நீட்டினார்.